அத்துமீறல்: இல்லை

குளத்துக் காவலரை ஊரில் எல்லோரும் விசில்காரர் என்றுதான் சொல்வார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. மாதம் ஒருமுறை அதைப் படிக்கும்போது, எங்கேயோ கேள்விப்பட்ட ஆளாக இருக்கிறதே என்று அவருக்கே தோன்றும்.

ஊருக்கு மேற்கே ஒரு பழைய குடிநீர்க் குளம். குழாய்த் தண்ணீர் வேறெங்கிருந்தோ வர ஆரம்பித்ததும் குளத்துக்கு வேலை போய்விட்டது. சுற்றியிருந்த முந்நூறு ஏக்கர் புல்லும் புதரும் கூழாங்கல் திட்டும் யாருக்கும் வேண்டாமல் கிடந்தன. யாருக்கும் வேண்டாத இடத்தில் பறவைகள் குடியேறின. பறவைகள் வந்ததும் அரசாங்கத்துக்கு அந்த இடம் வேண்டியதாகிவிட்டது. சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். ‘பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதியின்றி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்று ஒரு பலகை நட்டார்கள். பலகைக்குத் துணையாக விசில்காரரையும் நட்டார்கள். பலகைக்காவது வருஷம் ஒருமுறை பெயிண்ட் அடித்தார்கள்.

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அதற்கு முன்பு பஸ் டிப்போவில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். ஆறு வருஷத்தில் டிக்கெட் இல்லாமல் வந்த ஒரே ஒருவரைத்தான் பிடித்தார், அதுவும் அந்த ஆள் தானாகவே வந்து சொன்னதால். ஆளே வராத இடத்தில் போட்டால் இவருக்குப் பிடிக்கத் தெரியாதது வெளியே தெரியாது என்று யாரோ நல்ல மனதோடு யோசித்து, குளத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆளே வராத இடமாம்! வேலி போட்ட மறுவாரமே அதில் பதினோரு ஓட்டை.

வாசலை ஒட்டி அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, அதற்கு மூன்று கால் மரம், ஒரு கால் செங்கல். ஒரு கெட்டில். கெட்டிலுக்கு மூடி இல்லாததால் மேலே கவிழ்த்து வைக்க ஒரு சோப்புப் பெட்டி. மேஜைமேல் பதிவேடு. அதில் நான்கு பத்தி: தேதி, வானிலை, வேலியின் நிலை, அத்துமீறல்.

முதல் வாரம் அவர் உண்மையை எழுதினார். ‘அத்துமீறல்: மூன்று பேர்.’ நான்காம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டுப் படிவம் வந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்பது கட்டம், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி, கூடவே ‘நீங்கள் ஏன் இதை நடக்க விட்டீர்கள்’ என்று தனியாக ஒரு விளக்கக் கடிதம். விசில்காரர் நாலு நாள் உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருந்த நாலு நாளில் இன்னும் ஏழு பேர் உள்ளே வந்து காற்று வாங்கிவிட்டுப் போனார்கள். எழுதி முடித்த மறுநாள் அவர் பேனாவை எடுத்து ‘அத்துமீறல்: இல்லை’ என்று எழுதினார். அது ரொம்ப சுலபமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அதையே எழுதினார்.

சோம்பேறித்தனம் என்றால் ஆமாம், சோம்பேறித்தனம்தான். ஆனால் அது மட்டுமே என்று சொன்னால் பாவம் வரும். அவர் முதன்முதலில் பிடித்தது ஒரு பாட்டு டீச்சரை. அவர் பாடினால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள், மாடி வீட்டில் தரையைத் தட்டுவார்கள். அதனால் புதர்களுக்குப் பாட வந்திருந்தார். “தம்பி, இன்னும் ரெண்டு வரி. முடிச்சுட்டுப் போயிடறேன்” என்றார். அந்த ரெண்டு வரியையும் விசில்காரர் முழுசாகக் கேட்டார். ஜன்னலைச் சாத்தியவர்கள்மேல் அவருக்கு ஒரு கோபமும் வரவில்லை. ஆனாலும் பாடுகிற மனுஷியைப் பிடித்து எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அன்றைக்குக் கண்டுபிடித்த உத்திதான் விசில். காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் சுற்றுக்குக் கிளம்பும்போது கொட்டகை வாசலில் நின்று நீளமாக மூன்று தடவை ஊதுவார். பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் ஒரு தடவை. திருடனைப் பிடிக்கப் போகிறவர் மேளம் கொட்டிக்கொண்டு போகிறாரே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். விசில் கேட்டதும் உள்ளே இருப்பவர்கள் எழுந்து, தூசி தட்டி, அவரவர் ஓட்டை வழியாக வெளியேறிவிடுவார்கள். அவர் போய்ச் சேரும்போது மனித நடமாட்டமே இருக்காது. பதிவேட்டில் எழுதியது அந்த நிமிஷத்துக்கு உண்மையாகிவிடும்.

நேரில் பார்க்காவிட்டாலும் அவருக்கு எல்லோரையும் தெரியும். வலது செருப்பு ஓரம் தேய்ந்த தடம் தையல்காரருடையது. சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். ரோட்டில் நடந்தால் லாரி அடித்து வியாதி மொத்தமாகக் குணமாகிவிடும் என்று பயந்து இங்கே வருகிறார். ஒரே புதருக்கு முன்னால் மட்டும் மிதிபட்ட புல் டீச்சருடையது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரே ஒரு ஆளைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேற்கு மூலையில், தண்ணீரை ஒட்டிய தட்டைப் பாறைக்குப் போய் வரும் ஒரு சின்னச் செருப்புத் தடம். விசில் சத்தம் எவ்வளவு நேரத்தில் எங்கே வரும் என்று அந்த ஆளுக்கு மனப்பாடம். ஒரு நாள்கூட மாட்டியதில்லை. தொழில் தெரிந்த ஆள் என்று விசில்காரருக்கு உள்ளுக்குள் ஒரு மரியாதை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நல்லது செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள்.

ஊர் வளர்ந்துவிட்டது, ஜனங்கள் மூச்சு விட இடமில்லை, ஆகவே குளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப் போகிறோம், ஆனால் பறவைக்கும் புல்லுக்கும் தொந்தரவில்லாமல், என்று பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். சொன்னது ஒரு இளம் இன்ஜினியர். பெரிய தொப்பி, முட்டி வரை சேறு. நல்ல பெண், முகத்திலேயே தெரிந்தது.

“படகு விடுவீங்களா?” என்றார் ஒருவர்.

“இல்லைங்க.”

“ஊஞ்சல்? சின்னப் பிள்ளைங்களுக்கு ரயில்?”

“கிடையாது. நடக்கலாம், உக்காரலாம், பாக்கலாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் வீட்டுக்குப் போகலாம்.”

“சும்மா உக்கார்றதுக்கு ஒரு திட்டமா? அதை எங்க ஆபீஸ்ல திட்டமே இல்லாம பண்றோமே!” என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு. தையல்காரரும் டீச்சரும் மட்டும் சிரிக்கவில்லை. பதினாலு வருஷமாகவும் இருபத்திரண்டு வருஷமாகவும் அதையே செய்துகொண்டிருந்தவர்கள், குளம் எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்கள் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் இன்ஜினியர் கொட்டகைக்கு வந்தார். செங்கல் கால் மேஜையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷப் பதிவேடுகளையும் புரட்டினார். எட்டாயிரத்துச் சொச்சம் ‘இல்லை’.

“அண்ணா, ஒருத்தர்கூடவா வரலை?”

“பலகை இருக்கில்லீங்களா மேடம்” என்றார் விசில்காரர்.

“இவ்ளோ ஒழுக்கமான ஊரை நான் பார்த்ததே இல்லை.”

விதி ஒன்றை இன்ஜினியர் விளக்கினார். காப்பு நிலத்தில் மனிதர் நடந்த பழைய தடம் இருந்தால் அதிலேயேதான் பாதை போட வேண்டும். விலங்கு நடக்கும் தடம் என்றால் தொடவே கூடாது. மனிதத் தடம் இல்லையென்றால், செடி குறைவாக உள்ள இடமாகப் பார்த்துப் புதுப்பாதை வெட்டலாம். அவ்வளவுதான் விதி. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இருவரும் உள்ளே நடந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே இன்ஜினியர் நின்றுவிட்டார். புல்லுக்கு நடுவே இரண்டடி அகலத்தில், குளத்தைச் சுற்றி வளைந்து வளைந்து, அழகாக மிதிபட்ட ஒரு தடம்.

“இது என்ன?”

விசில்காரரின் கண்முன் எட்டாயிரம் ‘இல்லை’யும் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. மனுஷன் நடந்தது என்றால் பதிவேடு பொய். பதிவேடு பொய் என்றால் இன்னும் மூன்று வருஷ சர்வீஸை நகருக்கு அந்தப் பக்கம் பழைய மீட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் ஜன்னல் இல்லாத கிடங்கில்தான் கழிக்க வேண்டும். பிடிக்கத் தெரியாதவர்களை அனுப்ப அடுத்த இடம் அதுதான்.

“பன்னி” என்றார்.

“என்ன?”

“காட்டுப் பன்னி மேடம். கூட்டமா வரும்.”

“நான் ஒண்ணுகூட பார்க்கலையே?”

“கூச்ச சுபாவம்.”

இன்ஜினியர் குனிந்து தடத்தைப் பார்த்தார். தட்டைப் பாறைக்குப் பிரியும் இடத்தில் எதையோ எடுத்தார். பச்சை நிறத் தலைமுடி கிளிப், ஒரு பல் உடைந்தது.

“பன்னி கிளிப் எல்லாம் போடுமா அண்ணா?”

“காத்துல அடிச்சுட்டு வந்திருக்கும்” என்று அவசரமாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் விசில்காரர். இன்ஜினியர் தன் வரைபடத்தில் அந்தத் தடம் முழுவதையும் சிவப்பு மையால் கோடிட்டு, ‘வனவிலங்குத் தடம். தவிர்க்கவும்’ என்று எழுதினார். விசில்காரருக்கு மூச்சு வந்தது. சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டோம் என்று அன்று முழுக்கத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

அன்று வீட்டில் சட்டையைக் கழற்றும்போது கிளிப் கீழே விழுந்தது. அவர் மனைவி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க மெஷினோடு நின்று, வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்.

“இது எங்க கிடைச்சுது?” என்றார் மனைவி.

“பன்னி போட்டுட்டுப் போச்சு.”

மனைவி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மறுநாள் காலை அந்தக் கிளிப் அவர் தலையில் இருந்தது. நல்லது, வீணாகவில்லை என்று நினைத்துக்கொண்டார் விசில்காரர்.

மூன்றாம் நாள் கூழாங்கல் திட்டில் வரிசையாகச் சிவப்புக் கொடிகள் நின்றன. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனிதத் தடமும் இல்லை, பன்னித் தடத்தையும் தொடக்கூடாது என்றால், செடியே இல்லாத இடம் எது? வாசலிலிருந்து தண்ணீர் வரை நேராகப் போகும் கூழாங்கல் திட்டு. காகிதத்தில் பார்த்தால் அங்கே மிதிபட ஒரு புல் கிடையாது.

நேரில் பார்த்தால் ஆள்காட்டி இருந்தது. ஏழு ஜோடி. இந்தக் குருவிக்குக் கூடு கட்டுகிற பழக்கமே இல்லை. கூழாங்கல்லை நாலு தள்ளிவிட்டு, கூழாங்கல் மாதிரியே நாலு முட்டை போட்டுவிட்டு, யாராவது பக்கத்தில் வந்தால் ஊரைக் கூட்டும். விசில்காரர் செய்ய வேண்டிய வேலையை இருபத்திரண்டு வருஷமாக ஒழுங்காகச் செய்தது அதுதான். ஒரு கொடிக்கும் அடுத்த கொடிக்கும் நடுவில் நாலு முட்டை இருந்தன. அவர் குனிந்தபோது தாய்க்குருவி தலைக்கு மேல் வந்து கத்திய கத்தலில், ‘உன் பொய்யால்தான், உன் பொய்யால்தான்’ என்று திட்டுவதாகவே அவருக்குக் கேட்டது.

கொடிகளைப் பிடுங்கி நாற்பது அடி தள்ளி நட்டார். இன்ஜினியர் வந்து பழைய இடத்தில் நட்டார். இவர் மறுபடி பிடுங்கினார். மறுபடி வந்தன. கடைசியில் விசில்காரர் நேராகவே பேசினார்.

“மேடம், அங்க ஆள்காட்டி முட்டை வைக்கும். பாதை வேண்டாம்.”

இன்ஜினியரின் முகம் வாடிவிட்டது. “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு அண்ணா. ஆனா வேற வழி இல்லையே. மனுஷங்க நடந்த தடம் ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூட மாத்திடுவேன். இருக்கா? நீங்கதான் சொல்லணும். வியாழக்கிழமை பெரிய அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டா அவ்ளோதான். வெள்ளிக்கிழமை ஜல்லி இறங்கும்.”

விசில்காரர் வாயைத் திறந்தார். ஜன்னல் இல்லாத கிடங்கு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

“உண்மையைச் சொல்லிடுங்களேன்.”

“சொன்னா மீட்டர் கிடங்கு. மூணு வருஷம். பூட்டிட்டு உள்ள உக்கார வைப்பாங்க.”

“அப்ப அங்க நடந்தவங்க யாராவது ‘நான் நடந்தேன்’னு எழுதிக் குடுத்தா? உங்களுக்குத் தெரியாம நடந்தோம்னு எழுதட்டும். உங்க மேல தப்பு வராதில்ல?”

விசில்காரர் மனைவியை அப்படியே பார்த்தார். இவ்வளவு மூளையை ஜெராக்ஸ் எடுக்க விட்டுவிட்டோமே என்றிருந்தது.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தையல் கடைக்குப் போனார். தையல்காரர் மெஷினை நிறுத்தினார்.

“அண்ணே, ஒரு கையெழுத்து வேணும். தினம் குளத்துக்குள்ள வந்து நடந்தீங்கன்னு.”

“நானா?”

“நீங்கதான்.”

“அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்குக் கை கால் நடுங்கும். நான் எங்க உள்ள வர்றது?”

“பதினாலு வருஷமா வலது செருப்பைத் தேய்ச்சு வெச்சிருக்கீங்களே!”

தையல்காரர் வலது காலை மெதுவாக மெஷினுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “எழுதிக் குடுத்தா தண்டனைன்னு போட்டிருக்குல்ல? என்ன தண்டனைன்னு போடலை பாருங்க. அதுதான்யா பயமா இருக்கு.”

பாட்டு டீச்சர் வீட்டில் காபி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. “எனக்குப் பாட்டே வராது தம்பி, யாரை வேணும்னாலும் கேளு” என்றார். அதற்கு மட்டும் ஊர் முழுக்கச் சாட்சி இருந்தது. இன்னும் எட்டு வீடு ஏறி இறங்கினார். தப்புச் செய்யவில்லை என்று கெஞ்சுகிறவர்களைத்தான் காவல்காரர்கள் பார்த்திருப்பார்கள். ‘தப்புச் செய்தேன்னு சொல்லுங்க’ என்று வாசல் வாசலாகக் கெஞ்சிய காவல்காரர் அன்றைக்கு இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். சாயங்காலம் திரும்பியபோது நோட்டில் ஒரு கையெழுத்துகூட இல்லை. ஒரு வீட்டுக் குழந்தை போட்ட யானைப் படம் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை நாலரை மணிக்குப் பெரிய அதிகாரி வந்தார். நல்ல பருமன், கையில் கைக்குட்டை, நிழல் எங்கே இருக்கிறது என்று தேடுகிற கண். கொட்டகையில் உட்கார்ந்து, சோப்புப் பெட்டி மூடிய கெட்டிலைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“எங்கேம்மா கையெழுத்துப் போடணும்?” என்று இன்ஜினியரிடம் வரைபடத்துக்குக் கை நீட்டினார்.

மணி ஐந்து. விசில் விசில்காரரின் கழுத்தில் தொங்கியது. வழக்கப்படி கை அதை எடுத்தது, உதட்டுக்குக்கூடக் கொண்டுபோனது. அங்கேயே நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட, காய்ச்சலில்கூட, அவர் ஊதாமல் இருந்ததில்லை. அதை நம்பித்தான் உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊதாவிட்டால் மாட்டிக்கொள்வார்கள். ஊதினால் ஏழு ஜோடியின் முட்டைமேல் வெள்ளிக்கிழமை ஜல்லி.

விசிலைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

“சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மேடம் பன்னி பார்க்கணும்னாங்க. இன்னிக்குக் காட்டறேன்.”

“பன்னியா?” பெரிய அதிகாரி எழுந்துவிட்டார். பதவியில் உயர உயர இந்த மாதிரி வாய்ப்பெல்லாம் குறைந்துவிடும் போலிருக்கிறது. “கடிக்குமாய்யா?”

“திட்டும் சார்.”

மூவரும் பூனை மாதிரி நடந்தார்கள். முதல் திருப்பம். வழக்கமாக ஒரு விசில் விழும் இடம். விழவில்லை. புதருக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது, பிறகு பாட்டு. பெரிய அதிகாரி கைக்குட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“அடிபட்ட பன்னியாய்யா?”

புதரைச் சுற்றினார்கள். பாட்டு டீச்சர் கையை வானத்தைப் பார்த்து நீட்டியபடி, கண்ணை மூடி, உச்சஸ்தாயியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் திறந்தார். கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது.

“தம்பி... இன்னிக்கு ஏன் ஊதலை?”

யாரும் பதில் சொல்வதற்குள் எதிர்த் திருப்பத்திலிருந்து கழுத்தில் டேப்போடு, கையை வீசி வீசி, தையல்காரர் வந்தார். மூன்று பேரையும் பார்த்தார். ஓடுவதா நிற்பதா என்று அவருடைய இரண்டு காலும் தனித்தனியாக முடிவெடுத்தன. பிறகு கோபம் வந்துவிட்டது.

“யோவ்! உனக்கு மனசாட்சி இருக்கா? விசில் இன்னும் வரலையேன்னு நான் பாட்டுக்கு மூணாவது சுத்து வந்துட்டிருக்கேன்! பதினாலு வருஷமா ஒழுங்கா ஊதிட்டு இருந்த மனுஷன், சொல்லாமக் கொள்ளாம நிறுத்தினா என்னய்யா அர்த்தம்? நம்பித்தானேய்யா வர்றோம்!”

“எந்த விசில்?” என்றார் பெரிய அதிகாரி.

“நாங்க வெளிய போறதுக்கு இவர் ஊதற விசில் சார்” என்றார் தையல்காரர், நியாயம் கேட்கிற வேகத்தில். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தெரிந்தது.

இன்ஜினியர் அதற்குள் தரையில் உட்கார்ந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். “ரெண்டடி அகலம். ஓரத்துப் புல் அப்படியே இருக்கு. முட்டை இருக்கற திட்டை விட்டு வளைஞ்சு போகுது. இதைவிட நல்ல பாதையை என்னால போட முடியாது. எத்தனை வருஷமா நடக்கறீங்க?”

தண்டனை ஞாபகம் வந்து தையல்காரர் தயங்கினார். “பதினாலு” என்றார் மெல்ல.

“நான் இருபத்திரண்டு” என்றார் பாட்டு டீச்சர், முதல் பரிசு வாங்குகிறவர் மாதிரி.

“ரெண்டு பேரும் எழுதிக் குடுப்பீங்களா?”

“ரெண்டு பேர் என்னம்மா, அங்க பாறை மேல இன்னொருத்தங்க இருக்காங்க பாருங்க” என்று தையல்காரர் கை காட்டினார். மாட்டியபின் துணைக்கு ஆள் சேர்ப்பதில் மனுஷனுக்கு ஒரு சந்தோஷம்.

தட்டைப் பாறையில், தண்ணீரைப் பார்த்து, முதுகைக் காட்டியபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செருப்பு கழற்றி வைத்திருந்தது. தலையில் பச்சை கிளிப், ஒரு பல் இல்லை.

விசில்காரர் நின்ற இடத்தில் நின்றார்.

“இவங்களையும் உங்களுக்குத் தெரியுமா?” என்றார் பெரிய அதிகாரி.

“தெரியும்னுதான் சார் நினைச்சிட்டு இருந்தேன்” என்றார் விசில்காரர். “இருபத்தாறு வருஷமா ஒரே வீடு.”

மனைவி திரும்பிப் பார்த்தார். அதிகாரிகளைப் பார்த்ததும் அவசரமாகச் செருப்பை மாட்டினார், இடது வலது மாற்றி. “விசில் கேக்கலை” என்றார். வேறு என்ன சொல்வது?

“நீ எப்படி இங்க?”

“நாலரைக்குப் பேப்பர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வருவேன்.”

“எத்தனை வருஷமா?”

“மெஷின் வாங்கினதுலேருந்து.”

“ஊர் பூரா ஏறி இறங்கினேனே! நீயாவது ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம்ல?”

“என்னை நீங்க கேக்கலையே” என்றார் மனைவி.

பெரிய அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோபப்பட வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் பாறை நிழலில் இருந்தது, காற்று வேறு வந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கோபப்படலாம் என்று உட்கார்ந்தார். பத்து நிமிஷம் தண்ணீரைப் பார்த்தார். தூரத்துத் திட்டில் ஆள்காட்டி ஒன்று எதற்கோ கத்தி ஓய்ந்தது. எழுந்தபோது அவர் கோபம் பாதியாகியிருந்தது.

மீதிப் பாதி விசில்காரர்மேல் விழுந்தது. எட்டாயிரம் நாள் பொய் எழுதியதற்கு மீட்டர் கிடங்குதான் என்றார். தடம் ஒவ்வொன்றையும் காட்ட இவரை விட்டால் ஆளில்லை என்றார் இன்ஜினியர். கடைசியில் வேறு தண்டனை முடிவானது. விசில்காரர் குளத்திலேயே இருக்கலாம். ஆனால் எழுதாமல் விட்ட அத்துமீறல் அத்தனைக்கும், ஞாபகம் உள்ளவரை, ஆளுக்கு ஒரு படிவம், ஒன்பது கட்டம், மூன்று பிரதி. பழைய தடத்துக்கு அதுதான் ஆதாரம். மனுஷன் எதிலிருந்து இருபத்திரண்டு வருஷம் ஓடினாரோ, அது கொட்டகை வாசலில் நாலு கட்டாக வந்து இறங்கியது.

சிவப்புக் கொடிகள் தடத்துக்கு இடம் மாறின. கூழாங்கல் திட்டைச் சுற்றி ஒரு கயிறு மட்டும் கட்டினார்கள். பதினோரு ஓட்டையில் பத்தை அடைத்தார்கள். பதினோராவது எங்கே இருக்கிறதென்று விசில்காரர் மறந்துவிட்டார். விசில் சத்தம் பறவைக்கு ஆகாது என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது திருப்பத்துக்குத் திருப்பம் இருமுகிறார்.

வாசல் திறந்த அன்று ஊரே வந்தது. ரயில் கேட்டவரும் வந்தார். ஒரு சுற்று நடந்தார், உட்கார்ந்தார், பார்த்தார், அப்புறம் வீட்டுக்குப் போனார். மறுநாளும் வந்தார்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் விசில்காரர் படிவக் கட்டோடு தட்டைப் பாறைக்குப் போனார். மனைவி பதினோராவது ஓட்டை வழியாக வந்து உட்கார்ந்திருந்தார். முதுகில் கம்பி கிழித்த கோடு.

“வாசல்தான் திறந்திருக்கே?”

“வாசல் வழியா வந்தா உங்களைப் பார்க்க வந்த மாதிரி இருக்குமே” என்றார் மனைவி.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொடையில் படிவத்தை வைத்து எழுதத் தொடங்கினார். பெயர் எழுதினார். நுழைந்த வழி எழுதினார். ஐந்தாவது கட்டத்தில் நின்றது பேனா.

“இங்க வந்ததுக்கு நோக்கம் என்னன்னு கேட்டிருக்கான்.”

மனைவி யோசித்தார். “அங்க மெஷின் சத்தம் நிக்காது. இங்க உக்காந்தா ஒண்ணும் கேக்காது. அப்புறம் தூரத்துல நீங்க ஊதறது கேக்கும். கிட்ட வர வர எழுந்துப்பேன்.” பேனா அசையத் தொடங்கியதும் சொன்னார்: “இதையெல்லாம் எழுதாதீங்க.”

‘காற்று வாங்க’ என்று எழுதினார் விசில்காரர். ஆறு, ஏழு, எட்டு கட்டங்களும் நிரம்பின. ஒன்பதாவது: ‘தடுக்க எடுத்த நடவடிக்கை’.

அதற்கு அவர் யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாக எழுதியது: இல்லை.